நான் போனால் ஓடுகிற கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் வேகமாக ஓடுவதற்குப் பத்து வழிகள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் ராணி மேடம், கடை வாட்ஸ்அப்பில் போடுகிறோம் என்று நான் வேலை பார்த்த கடையிலிருந்து கேட்டார்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை என்று நினைத்திருப்பார்கள். நானும் உட்கார்ந்து பார்த்தேன். வேண்டாததை அழியுங்கள், தூசி தட்டுங்கள், ராம் கூட்டுங்கள், பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதுசு போடுங்கள். அதற்குமேல் நகரவில்லை. இதெல்லாம் போனைத் தட்டினால் யாருக்கும் கிடைக்கும். இதற்கு நான் எதற்கு?

உண்மையைச் சொன்னால், ராமநாதபுரத்தில் இத்தனை வருஷம் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்த்த பிறகும், ஒரு மிஷின் ஏன் மந்தமாகிறது என்பது எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. திறக்கும்போது ஒன்று நினைப்பேன், மூடும்போது வேறொன்றாக இருக்கும். நடுவில் இருப்பதெல்லாம் குழப்பம்தான். அந்தக் குழப்பத்தை வேண்டுமானால் எழுதித் தருகிறேன். பத்து வழி வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

நான் திருவாடானைப் பக்கத்து ஊர்க்காரி. டிப்ளமோ படித்தேன், ராமநாதபுரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். வேலைக்குப் போகிறேன் என்றதும் மாமியார், "பொம்பளப்புள்ள ஸ்க்ரூடிரைவரத் தூக்கிக்கிட்டு ஊரு பூராத் திரியப் போறியாக்கும்?" என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். திரிந்தேன். நான் வேலைக்கு வந்த கதை அவ்வளவுதான்.

கடை முதலாளி காதர் பாய். அவரைப் பற்றித்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். யாராவது கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தால் பாய் அதைத் தொடமாட்டார். முதலில் ஆளை உட்காரவைத்து டீ சொல்லுவார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையை ஆட்டி, "இவருக்கு என்ன செய்யுது?" என்பார். எந்த மிஷினையும் அவர் அது இது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர், இவர்தான். "அவருக்கு மூச்சுத் திணறுது", "இவரு ராத்திரி தூங்கல போலயே" என்று வீட்டு வாசலில் உட்கார்ந்து நோயாளியை விசாரிக்கிற மாதிரி கேட்பார். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியாது.

அடுத்தது இன்னும் வேடிக்கை. கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்து, "வீட்டுல என்ன செய்வீகளோ, அத இங்கன செய்யுங்க" என்பார். வந்தவர் செய்வார். நாங்கள் பின்னால் நிற்கவேண்டும், கையைப் பின்புறம் கட்டிக்கொண்டு. மவுஸில் கை வைத்தால் பாய்க்குக் கோபம் வந்துவிடும். திட்டமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அது திட்டைவிட மோசம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த மனுஷனுக்கு வேலை தெரியாது, அதை மறைக்கத்தான் இப்படி நாடகம் போடுகிறார் என்றே நினைத்தேன்.

அந்த நினைப்பு மிளகாய் மண்டிக்காரர் ஒருவரால் கலைந்தது. மிஷின் ஸ்லோ, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கப்போகிறேன் என்று குதித்துக்கொண்டு வந்தார். பாய் அவரை உட்காரவைத்துக் கணக்கைத் திறக்கச் சொன்னார். மனிதர் ஒரு தட்டுத் தட்டினார். திறக்கவில்லை. அடுத்த நொடி மறுபடி தட்டினார். அப்புறம் படபடவென்று தட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே அத்தனை தடவையும் அதே கணக்கு ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்துகொண்டிருந்தது, பாவம் அந்த மிஷின் என்ன செய்யும்! பாய் எதையும் கழற்றவில்லை. "மொதலாளி, ஒருக்கா தட்டிட்டு ஒரு மடக்கு டீ குடிங்க, இவரு வந்துருவாரு" என்றார். வந்துவிட்டார். மண்டிக்காரர் அசடு வழிந்துகொண்டே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

கீழக்கரையில் ஒரு வீடு. வெளிநாட்டிலிருந்து மகன்கள் லீவில் வரும்போதெல்லாம் ஆளுக்கொரு ஆன்டிவைரஸ் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றும் ஒன்றையொன்று திருடன் என்று நினைத்து ராப்பகலாகச் சோதனை போட்டுக்கொண்டிருந்தன. இரண்டை எடுத்துவிடலாம் என்றேன். யார் போட்டதை எடுப்பது என்று வீட்டுக்குள் பெரிய பஞ்சாயத்தே நடந்துவிட்டது. "மூத்தவன் போட்டதுல கைய வைக்காதத்தா, அவன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்" என்றார் அந்த வீட்டம்மா. கடைசியில் மூன்று மகன்களுக்கும் போன் போட்டு, மூவரும் மூன்று விதமாகப் பேசி, நான் ஒரு வேலையும் செய்யாமல் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். இதற்கெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்தில் வழி சொல்லியிருக்கிறது?

பார்த்து முடித்த பிறகுதான் பாய் தொடுவார். அதுவும் புறங்கையால், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி, பெட்டியின் பக்கவாட்டில். அதன்பிறகு வரிசை மாறாது. மிஷின் எழும்போதே கூட எழுந்துகொள்கிற புரோகிராம்கள் எத்தனை, டிஸ்க்கில் இடம் எவ்வளவு, பிறகு பெட்டியைத் திறந்து தூசி, ராமைக் கழற்றிப் பென்சில் அழிக்கிற ரப்பரால் அதன் பித்தளை நிற ஓரத்தைத் தேய்ப்பது. நம் பக்கத்து உப்புக்காற்றுக்கு அந்த ஓரம் கறுத்துப் போகும். ரப்பரால் தேய்த்தால் பாதி மிஷின் பிழைத்துக்கொள்ளும். இந்த வரிசை எனக்குத் தூக்கத்திலும் வரும். அது என்னைக் கைவிட்டது ஒரே ஒரு வீட்டில்.

மண்டபம் முகாம். இலங்கையிலிருந்து வந்தவர்கள் இருக்கிற வரிசை வீடுகளில் ஒன்று. அம்மா புவனேஸ்வரி, மகள் தர்ஷினி. அப்பா பெயிண்ட் வேலைக்கு வெளியூர் போய்விடுவார். தாய்க்குப் பேச்சு இன்னும் யாழ்ப்பாணப் பேச்சு. மகள் முகாமிலேயே பிறந்தவள், பேச்சு நம்ம ஊர்ப் பேச்சு. பி.காம். முடித்திருந்தாள். முகாம் பிள்ளைக்கு அரசாங்க வேலைக்கு வழியில்லை. அங்கங்கே கடைகளில் கேட்டுப் பார்த்தும் ஒன்றும் சரிப்படவில்லை. அப்போதுதான் சென்னையில் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பில் பதிகிற வேலைக்கு ஆள் எடுத்தது. பரிட்சையும் வீட்டிலிருந்தேதான். கேமராவைப் போட்டுவிட்டு அறையில் தனியாக உட்காரவேண்டும். வேறு ஆள் தெரியக்கூடாது, பேச்சுக்குரல் கேட்கக்கூடாது. நடுவில் மிஷின் நின்றாலோ, பதிகிற வேகம் குறைந்தாலோ அத்தோடு சரி, இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. பாதி விலைக்கு வாங்கிய அவர்களுடைய பழைய பெட்டியோ ஆமை. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வருவதற்குள் அடுத்த வரியை நினைத்துவிடலாம் என்று தர்ஷினியே சொன்னாள்.

போன் போட்டுவிட்டுப் போனேன். வீடு துடைத்து வைத்திருந்தது. இருக்கிற ஒரே நாற்காலி எனக்கு. கையைக் கட்டிக்கொண்டு நின்று, "நீ பாட்டுக்குச் செய் தாயி" என்றேன். அவள் படபடவென்று தட்டினாள். எழுத்து விழுந்துகொண்டே வந்தது. எங்கே ஸ்லோ?

"ஆன்ட்டி, சத்தியமா நேத்து வரைக்கும் நகரல" என்றாள். முகம் தொங்கிவிட்டது.

வந்ததற்கு வரிசைப்படி எல்லாம் செய்துவிட்டு, ரப்பரும் தேய்த்துவிட்டு வந்தேன். மறுநாளே போன். பழையபடி ஆமை. சரி, கடைக்கே கொண்டுவாருங்கள் என்றேன். தாயும் மகளும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். கடையில் நாள் முழுக்க ஓடவிட்டேன். குதிரை மாதிரி ஓடியது. சூடு பார்த்தேன், சரியாக இருந்தது. டிஸ்க்கைச் சோதித்தேன், சரியாக இருந்தது. கொண்டுபோனார்கள். ஆமை. மறுபடி போன் போட்டுவிட்டு நான் போனேன். குதிரை! நான் பஸ் ஏறி உச்சிப்புளி தாண்டவில்லை, தர்ஷினி அழுகிற குரலில் கூப்பிடுகிறாள், "ஆன்ட்டி, நின்னுருச்சு."

எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் போலிருந்தது. கரண்ட் குறைவா? குறைந்தால் மிஷின் அணையுமே தவிர மந்தமாகாது. வைரஸா? வைரஸ் நான் வருகிறேனா போகிறேனா என்று பார்த்தா வேலை செய்யும்? இந்தப் பிள்ளை பொய் சொல்கிறதோ, பரிட்சைக்குப் பயந்துகொண்டு சாக்குத் தேடுகிறதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. புவனேஸ்வரி தன் முடிவுக்கு வந்துவிட்டிருந்தாள்.

"அக்கா, இது உங்கட கைராசி. நீங்க நிண்டா ஓடுது, நீங்க வெளிக்கிட்டா அடம்பிடிக்குது. சோதனை அண்டைக்கு நீங்க வந்து இருக்கவேணும்."

"கைராசியாவது மண்ணாவது! கம்ப்யூட்டருக்கு என்னையத் தெரியுமாக்கும்?" என்று சிடுசிடுத்தேன். ஆனாலும் பஸ்ஸில் வரும்போது என் கையை நானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன் என்பதை மறைப்பானேன்.

பாயிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "போறப்பச் சொல்லிட்டா போற?" என்றார்.

"ஆமா பாய். போன் போட்டுட்டுத்தான் போறேன்."

"பொண்ணு பாக்கப் போறவுக சொல்லிட்டுப் போனா, எந்த வீடும் கூட்டிப் பெருக்கித்தான் கெடக்கும் ராணிம்மா. இவரு பொழுதன்னிக்கும் எப்படி இருக்காருன்னு நீ இன்னும் பாக்கவே இல்லையே. சொல்லாமப் போ."

எனக்குப் புரியவில்லை. மனுஷனுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் பரிட்சை மறுநாள். வேறு யோசனையும் இல்லை. சொல்லாமல் போனேன்.

கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தால், மேஜையில் திரையும் கீபோர்டும் மட்டும்தான், பெட்டியைக் காணோம்! அது சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் இடுக்கில் செருகியிருந்தது, மேலே ஒரு பழைய சேலையை நாலாக மடித்துப் போர்த்தி. கடல்காற்றில் துருப்பிடித்துவிடக் கூடாதென்று பிள்ளையைப் போல மூடி வைத்திருக்கிறார்கள். மேலே சிமெண்ட் ஷீட்டு, உச்சி வெயில். வீட்டில் இருக்கிற ஒரே ஸ்டாண்டு ஃபேன் அடுப்படிப் பக்கம் திரும்பியிருந்தது. தர்ஷினி ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு முழங்கையை ஊன்றிக் காத்திருந்தாள். ஆமையை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஐயோ, அக்கா! வாங்கோ வாங்கோ, இருங்கோ" என்று புவனேஸ்வரி பதறி எழுந்தாள். சேலையை உருவினாள். பெட்டியை இடுக்கிலிருந்து இழுத்து மேஜைமேல் வைத்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஃபேனைத் தூக்கிவந்து என் பக்கம் திருப்பினாள். விருந்தாளிக்குக் காற்று. என் நாற்காலி பெட்டிக்குப் பக்கத்தில். எனக்கு வீசிய காற்றெல்லாம் பெட்டிக்கும் வீசியது. டீ வந்தது. குடித்து முடிக்கவில்லை, எழுத்து படபடவென்று விழ ஆரம்பித்தது.

நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

"ஃபேனத் திருப்புங்க" என்றேன்.

"ஏனக்கா, குளிருதோ?"

"எம் மேல வேணாம். அங்கிட்டுத் திருப்புங்க."

அவளுக்கு மனசே வரவில்லை. வந்தவளுக்கு வியர்க்குமே என்று தயங்கித் தயங்கித் திருப்பினாள். காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் எழுத்து தள்ளாடியது. பிறகு நின்றது. மறுபடி இந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன். ஓடியது. புறங்கையை வைத்துப் பார்த்தேன், கொதித்தது. திறந்து பார்த்தால், பிராசசர் மேலிருக்கிற சின்ன விசிறியின் அச்சில் உப்புத்துரு. சூடில்லாதபோது சுற்றும், சூடேறினால் இறுகிக்கொண்டு திணறும். பிராசசர் கருகிப்போகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எங்கள் கடையிலோ ஏ.சி. அங்கே எப்படிச் சூடேறும்? ஒவ்வொரு தடவையும் நான் வருகிறேன் என்று தெரிந்ததும் அவர்கள் செய்த மரியாதைதான் அதைக் குணப்படுத்திக்கொண்டிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பழைய மாடல். அந்தச் சின்ன விசிறிக்கு மதுரைக்குச் சொல்லவேண்டும். பரிட்சைக்குள் வராது. ஆகவே மறுநாள் நானே போனேன். பாய் கடையிலிருந்து நல்ல யுபிஎஸ் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, ஜன்னலை ஒட்டி ஒரு ஸ்டூலில் வைத்து, ஸ்டாண்டு ஃபேனை அதன்மேல் முழுசாகத் திருப்பிவிட்டேன். தர்ஷினிக்குக் காற்றே கிடையாது. கேமராவுக்கு அவளும் சுவரும் மட்டும்தான் தெரியும். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம்.

கொஞ்ச நேரம்தான். ஃபேன் சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டது.

யுபிஎஸ் கம்ப்யூட்டரையும் இன்டர்நெட்டையும் தாங்கும். ஃபேனையும் அதில் மாட்டினால் பாதிப் பரிட்சையிலேயே உயிரை விட்டுவிடும். அதை மாட்ட உள்ளே போகவும் கூடாது. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன், புவனேஸ்வரி வாசலோரம் கிடந்த அரிசி புடைக்கிற சுளகை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினாள். பின்பக்க ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று, திறந்த பெட்டிக்குள் காற்றுப் போகிற மாதிரி வீச ஆரம்பித்தாள்.

"நெழலு விழுது! உள்ள செவுத்துல தெரியும், குந்துங்க" என்று கிசுகிசுத்தேன். குந்தினாள். குந்தியபடி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி வீசினாள். உச்சி வெயில். உள்ளே எழுத்துத் தட்டுகிற சத்தம் விடாமல் கேட்டது. இது முறையா, வெளியே நின்று விசிறுவதும் அந்தக் கம்பெனிக் கணக்கில் தப்பா? எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

"குடுங்க, நான் கொஞ்சம் வீசுறேன்."

தலையை மட்டும் ஆட்டினாள், மாட்டேன் என்று.

அந்த நேரம் பார்த்து முகாம் முனையில் மீன்காரர் வண்டி ஹார்னைப் பாம் பாம் என்று அழுத்திக்கொண்டு வருகிறார். நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.

"அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அமுக்காதீக! உள்ள புள்ள பரிச்ச எழுதுது."

"பள்ளிக்கூடம் லீவுல்ல, என்ன பரிச்ச?" என்றார்.

அவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டைத்தண்ணி வற்றிவிட்டது. நான் சொன்னது எனக்கே புரியவில்லை. ஆனால் நல்ல மனிதர், வண்டியை அணைத்துத் தள்ளிக்கொண்டே போனார். பின்னாலேயே சைக்கிள் மணியோடு பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் வம்பு பேச வந்த இரண்டு பெண்கள். எல்லோரையும் வாயில் விரலை வைத்து விரட்டிக்கொண்டு அந்த முனையிலேயே காவல் நின்றேன்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டுத்தான் திரும்பி ஓடினேன். தர்ஷினி குளித்துவிட்டு வந்தவள் மாதிரி நனைந்து நின்றாள். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"நிக்கவே இல்ல ஆன்ட்டி. ஒரு தடவகூட நிக்கல. ஸ்கிரீன்லயே வந்துருச்சு, வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க" என்றாள். சொல்லி முடிக்குமுன்பே அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்தது. யாருடைய மிஷின் ஓடியதற்கும் நான் அதுவரை அழுததில்லை.

"அம்மா எங்கன?" என்றாள்.

இரண்டு பேரும் பின்பக்கம் ஓடினோம். புவனேஸ்வரி அதே இடத்தில் குந்தியிருந்தாள். கை இரண்டும் தலைக்குமேல். சுளகு ஆடிக்கொண்டே இருந்தது. முகம் வெயிலில் கன்றிச் சிவந்து கிடந்தது.

"ஏம்மா, இன்னமும் வீசிக்கிட்டு இருக்க? கரண்டு அப்பவே வந்துருச்சேம்மா! உள்ள ஃபேன் ஓடிக்கிட்டுத்தான இருக்கு!"

புவனேஸ்வரி கையைக் கீழே இறக்கப் பார்த்தாள். விறைத்துப்போய் மடங்க மறுத்தது. நான்தான் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டேன்.

"தெரியும் பிள்ளை. ஃபேன்ர சத்தம் எனக்கும் கேட்டது" என்றாள். "உனக்கு எண்டு என்னால செய்யக்கூடிய ஒரு வேலை இண்டைக்குத்தான் வந்தது. அதை ஏன் பாதியில விடவேணும்?"